கோலம் போடத் தெரிந்த நமக்குப் படிகம் வளர்க்கத் தெரியாதா?

(வண்டியூர்ப் பகுதி மகளிர் குழுக்களின் கூட்டத்தில், பிள்ளைகளின் அறிவியல் செய்முறை பற்றி ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வரவு வைத்து முடித்துவிட்டு, வீட்டு வேலையையும் ஒத்திப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். "பிள்ளைகளின் படிப்பில் தாயின் பங்கு" என்று பேசச் சொன்னார்கள். தலைப்பு ரொம்பப் பெரிசு. அதில் ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களே சயின்ஸ் புராஜெக்ட், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம்ம வீடுகளில் இது எப்படி நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட உட்காரும்போதுதான் பிள்ளை வாயைத் திறக்கும். "அம்மா, நாளைக்கு சயின்ஸ் புராஜெக்ட் கொண்டு போகணும்." உடனே ஃபேன்சி ஸ்டோருக்கு ஓட்டம். தெர்மாகோல், கலர் பேப்பர், பசை, சின்ன பல்பு. நேரம் இல்லை என்றால் ரெடிமேடாகச் செய்து வைத்திருப்பதையே வாங்கிவிடுகிறோம். இருநூறு, முந்நூறு போய்விடுகிறது. சில வீடுகளில் குழுவில் வாங்கின உள்கடன் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளை கொண்டுபோய் வைக்கும், டீச்சர் டிக் அடிப்பார். அப்புறம் அது பரண் மேல் ஏறும். "இது என்னடா?" என்று பிள்ளையைக் கேட்டால் முழிக்கும்.

பணம் போனதுகூடப் பெரிசில்லை, சகோதரிகளே. அறிவியல் என்றால் கடையில் வாங்குகிற சாமான் என்று பிள்ளை நினைத்துவிடுகிறது பாருங்கள், அதுதான் பெரிய நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. "எங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது" என்று பிள்ளை நினைக்கிறது. நாமும் அதையே சொல்கிறோம். "நான் எட்டாவதோட நின்னவ. எனக்கு என்ன சயின்ஸ் தெரியும்?"

உங்களுக்குத் தெரியும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் படிகாரம், அரைக் கிலோ சீனி, ஒரு கை கல்லுப்பு, இருபது நாள் பொறுமை. இவ்வளவு இருந்தால் நல்ல ஒரு அறிவியல் செய்முறை நம் அடுப்படியிலேயே தயார்.

படிகம் என்றால் என்ன?

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள. உப்பு ஜாடியில் இருந்து நல்ல கல்லுப்பாக ஒன்று எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்க. லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. தாயக்கட்டையை வெட்டி வைத்த மாதிரி சதுரம் சதுரமாக இருக்கும். உடைத்துப் பாருங்க, உடைந்த துண்டிலும் சதுர முகம் தெரியும். அடுத்து ஒரு கற்கண்டை எடுங்கள். அது சதுரம் இல்லை, சாய்வாக இருக்கும், பளபளவென்று பட்டை தீட்டின மாதிரி. யாரும் பட்டை தீட்டவில்லை. அது வளர்ந்ததே அப்படித்தான்.

இப்படித் தானாகவே ஒழுங்கான முகங்களோடு வளரும் திடப்பொருளைத்தான் படிகம் என்கிறோம். அந்த ஒழுங்கு எங்கேயிருந்து வருகிறது? நீங்கள் காலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கிறீர்கள். வரிசை தப்பாமல், இடைவெளி மாறாமல் வைக்கிறீர்கள். பதினைந்து புள்ளி வைத்தாலும் முப்பது புள்ளி வைத்தாலும் ஒழுங்கு அதேதான், கோலம் மட்டும் பெரிசாகும். படிகத்துக்குள்ளேயும் அதேதான். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் புள்ளி வைத்த மாதிரி வரிசையாக நிற்கின்றன. நம் கோலம் தரையோடு முடிந்துவிடும், படிகத்தின் கோலம் மேலேயும் கீழேயும் அடுக்கடுக்காகப் போகும். உப்புக்கு ஒரு கோலம், சீனிக்கு ஒரு கோலம், படிகாரத்துக்கு ஒரு கோலம். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உருவம்.

நமக்கு முன்பே தெரிந்த வேலை

நெய் உருக்குகிறீர்கள். மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாக உறைகிறது. சட்டென்று குளிர வைத்தால் மணல் கட்டாமல் மொழுமொழு என்று ஆகிவிடுகிறது. பலகாரத்துக்குச் சீனிப் பாகு காய்ச்சும்போது பாகு பூத்துப்போகாமல் இருக்க நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுகிறோம். இது இரண்டுமே படிக அறிவியல்தான். மெதுவாக ஆறினால் துகள்களுக்கு வரிசையில் வந்து நிற்க நேரம் கிடைக்கிறது, மணி பெரிசாகிறது. எலுமிச்சையின் புளிப்பு, சீனியில் கொஞ்சத்தை வேறு இரண்டு சர்க்கரைகளாக உடைக்கிறது. குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பெயர். அந்த இரண்டும் நடுவில் புகுந்து சீனித் துகளை வரிசைகட்ட விடுவதில்லை. அதனால்தான் பாகு பூப்பதில்லை. வேலை நமக்குத் தெரியும், காரணம்தான் யாரும் சொல்லித்தரவில்லை.

நம் தெற்குச் சீமையில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வேகாத வெயிலில் நிற்கிறவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். அதைப் பாத்தியில் விட்டு வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். முதலில் ஜிப்சம் தனியாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அடுத்த பாத்தியில் நாம் சாப்பிடுகிற உப்பு பூக்கும். கடைசியில் மிச்சம் நிற்கிற கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். எது எப்போது படியும் என்று தண்ணீரின் பதம் பார்த்தே சொல்லுகிற அனுபவம் அந்தப் பெண்களுக்கு உண்டு.

பனங்கற்கண்டு இன்னொன்று. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கின பதநீரைக் காய்ச்சி, வடிகட்டி, பாகாக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசையாமல் ஒரு மாதத்துக்கு மேலே வைக்கிறார்கள். நூலைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு வளர்கிறது. அவசரப்பட்டுக் கிளறினால் கருப்பட்டிதான் கிடைக்கும்.

இந்த இரண்டு தொழிலிலும் இரண்டு வழி இருக்கிறது, கவனியுங்க. உப்பளத்தில் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். கற்கண்டில் சூடான பாகை ஆறவைக்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? சீனி சூட்டுத் தண்ணீரில் ஏராளமாகக் கரையும், ஆறினால் அவ்வளவையும் தண்ணீரால் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, மிச்சத்தை வெளியே விட்டுவிடும். உப்பு அப்படி இல்லை. சூடாக இருந்தாலும் ஆறி இருந்தாலும் 100 மில்லி தண்ணீரில் 36 கிராமோ அதற்குக் கொஞ்சம் மேலேயோதான் கரையும். ஆறவைத்து உப்புப் படிகம் எடுக்க முடியாது, தண்ணீர் வற்றினால்தான் உண்டு. உப்பளத்துக்கு வெயில் வேண்டும், மழை பெய்தால் வேலை நின்றுவிடும் என்பதற்குக் காரணம் இதுதான்.

படிகாரத்தில் செய்வோம்

முதல் முறை செய்கிறவர்களுக்குப் படிகாரம்தான் நல்லது. கடை வாசலில் கண் திருஷ்டிக்காகக் கருப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவோமே, அதே கல். சில ஊர்களில் சீனாக்காரம் என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற கட்டியாகப் பார்த்து 100 கிராம் வாங்குங்கள்.

1. படிகாரத்தைத் துணியில் சுற்றி இடித்துப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். 50 கிராம் நிறுத்து எடுங்கள். எடை மளிகைக் கடையிலேயே போட்டுத் தருவார்கள்.

2. 200 மில்லி நல்ல தண்ணீர். நம் பக்கம் போர் தண்ணீர் பல தெருவில் உப்பாக இருக்கிறது. அது வேண்டாம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே கறை, அந்தச் சுண்ணாம்பும் இதில் வந்து கலந்துவிடும். குடிக்கிற தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ நல்லது. எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் முன்பே இறக்கிவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது.

3. சூட்டுத் தண்ணீரில் பொடியைப் போட்டுக் கரையும்வரை கலக்குங்கள். மெல்லிய துணியில் வடிகட்டிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். காகிதத்தால் மூடி, அசையாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

4. ஒன்றிரண்டு நாளில் அடியில் சின்னச் சின்னப் படிகம் படிந்திருக்கும். கணக்கு இதுதான்: 60 டிகிரி சூட்டில் 200 மில்லி தண்ணீர் 100 கிராமுக்கு மேல் படிகாரத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். நம் வீட்டுச் சாதாரண வெப்பமான 30 டிகிரிக்கு வந்ததும் சுமார் 33 கிராம்தான் தாங்கும். நாம் போட்டது 50. மிச்சம் 17 கிராம் படிகமாக வெளியே வந்துவிடுகிறது. இனிமேல் கரைக்கவே முடியாது என்று நிற்கிற கரைசலுக்குப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் 'தெவிட்டிய கரைசல்' என்று பெயர். வயிறு நிறைந்து சாப்பாடு தெவிட்டிப்போச்சு என்கிறோமே, அதே வார்த்தைதான்.

5. மேலே நிற்கிற கரைசலை மட்டும் அலுங்காமல் வேறு டம்ளருக்கு மாற்றுங்கள். அடியில் கிடக்கிற படிகங்களில் ஒட்டாமல், உடையாமல், நல்ல முகத்தோடு இருக்கிற ஒன்றை எடுங்கள். எள்ளைவிடப் பெரிசாக, உளுந்து அளவு இருந்தால் போதும். இதுதான் விதைப் படிகம்.

6. விதையை மெல்லிய நைலான் நரம்பில் சுருக்குப் போட்டுக் கட்டுங்கள். தலைமுடி நீளமாக இருந்தால் அதிலேயே கட்டலாம். நூலின் மறுமுனையை ஒரு விளக்குமாற்றுக் குச்சியில் கட்டி, டம்ளரின் வாயில் குறுக்கே வைத்து, விதையைக் கரைசலின் நடுவில் தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் முட்டக் கூடாது. தூசி விழாமல் மெல்லிய துணியால் மூடுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போக வழி வேண்டும், அதனால் இறுக்கமான மூடி வேண்டாம்.

7. இனி தொடாதீர்கள். தினமும் பார்க்க மட்டும் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இரண்டு கோபுரத்தை அடியோடு அடி ஒட்டின மாதிரி எட்டு முகத்தோடு கல் வளர்ந்து நிற்கும். வெளியே எடுத்துத் துணியால் ஒற்றிவிட்டு, நிறமில்லாத நகப்பாலிஷ் ஒரு கோட்டு அடித்தால் பூத்துப்போகாமல் இருக்கும்.

எங்கே தப்பிப்போகும்?

நம் மதுரை வெயிலை மறக்கக் கூடாது. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பகலில் சூடு ஏறும். சூடு ஏறினால் கரைசலுக்குப் பசி எடுத்துவிடும், வளர்ந்த கல்லையே தின்ன ஆரம்பிக்கும். ராத்திரி குளிர்ந்ததும் திரும்ப வளரும். காலையில் இருந்த கல்லைச் சாயங்காலம் காணோம் என்று பிள்ளை அழும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் டம்ளரை வையுங்கள். சுற்றி இருக்கிற தண்ணீர் சட்டென்று சூடாகாது, சட்டென்று குளிராது. வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையாகப் பார்த்து, கட்டில் அடியிலோ பீரோவுக்குக் கீழேயோ வைத்துவிடலாம். மிக்ஸி, கிரைண்டர் ஓடுகிற மேடை மட்டும் வேண்டாம். அதிர்ச்சியில் ஒரே கல்லாக வளராமல் பொடிப்பொடியாக விழுந்துவிடும்.

விதையைத் தொங்கவிட்டதும் அது கரைகிறதா? கரைசல் இன்னும் தெவிட்டவில்லை என்று அர்த்தம். விதையை எடுத்துவிட்டு, கரைசலை இரண்டு நாள் திறந்து வைத்து வற்றவிடுங்கள். நூல் முழுக்கச் சின்னப் படிகம் ஒட்டுகிறதா? நூல் சொரசொரப்பாக இருக்கிறது. நரம்புக்கு மாறுங்கள்.

கற்கண்டும் உப்பும்

சின்னப் பிள்ளைகளுக்குக் கற்கண்டுதான் பிடிக்கும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று டம்ளர் சீனி. சிறு தீயில் கரைத்து, தெளிந்ததும் இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டுக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். பருத்தி நூலை நனைத்துச் சீனியில் புரட்டி நன்றாகக் காயவைத்துத் தொங்கவிட வேண்டும். நூலில் ஒட்டிய சீனிதான் விதை. ஒரு வாரம், பத்து நாளில் கற்கண்டு தெரியும். எறும்பு வரும், சொல்லவே வேண்டாம். தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டம்ளரை வையுங்கள். இந்த வேலையில் பாகு காய்ச்சுவது மட்டும் அம்மாதான். சீனிப் பாகு மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு தோலையே எடுத்துவிடும்.

உப்புக்கு அடுப்பே வேண்டாம். கல்லுப்பைத் தண்ணீரில் கரையும் மட்டும் கரைத்து, வடிகட்டி, ஒரு தட்டில் மெல்லிசாக ஊற்றி வைத்தால் போதும். பாக்கெட் தூள் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்க வேறு பொருள் சேர்த்திருப்பார்கள், தெளிவாக வராது. தூத்துக்குடிப் பாத்தியின் குட்டி வடிவம் உங்கள் வீட்டுத் தட்டில்.

கல் வளர்ந்தால் மட்டும் புராஜெக்ட் ஆகாது

இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியம். அழகான கல்லைக் கொண்டுபோய் வைத்தால் அது காட்சி. அதோடு ஒரு கேள்வியும் ஒரு நோட்டும் சேர்ந்தால்தான் அறிவியல்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். "சீக்கிரம் ஆறவைத்தால் கல் பெரிசாகுமா, மெதுவாக ஆறவைத்தாலா?" ஒரே கரைசலை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றைக் குளிர்ந்த தண்ணீரில் வை, இன்னொன்றைக் கம்பளித் துணியில் சுற்றி வை. "எலுமிச்சை விட்டால் கற்கண்டு வளருமா?" ஒரு டம்ளரில் சாறு விட்டுக் காய்ச்சின பாகு, இன்னொன்றில் சாறு இல்லாத பாகு. "வெயிலில் வற்றின உப்பு பெரிசா, நிழலில் வற்றினது பெரிசா?" இரண்டு தட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். குழம்பில் உப்பும் புளியும் ஒரே நாளில் மாற்றினால் ருசி எதனால் மாறியது என்று எப்படிச் சொல்வீர்கள்?

அப்புறம் நோட்டு. நம் குழுவின் கணக்கு நோட்டு எப்படி? தேதி, வரவு, பற்று, கையெழுத்து. ஒரு மாதம் எழுதாமல் விட்டால் அடுத்த மாதம் யாருக்கும் எதுவும் புரியாது. அதே ஒழுங்குதான் இங்கேயும். தேதி, நேரம், ஸ்கேலில் அளந்த மில்லிமீட்டர், கண்ணால் பார்த்தது, கையால் வரைந்த படம். கல் கரைந்துபோன நாளையும் எழுத வேண்டும், "இன்று பகலில் கல் சிறிதாகிவிட்டது, வெயில் அதிகம்" என்று. டீச்சர் கேட்பது "ஏன்?" என்ற கேள்விதான். கரைந்ததைக் கவனித்து எழுதின பிள்ளை அந்த ஏனுக்குப் பதில் சொல்லும்.

இன்னொன்று. வேலையை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். அடுப்பும் சூடும் உங்கள் பொறுப்பு. அளப்பது, கட்டுவது, பார்ப்பது, எழுதுவது பிள்ளையின் பொறுப்பு. நீங்கள் செய்ய வேண்டியது சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி கேட்பதுதான்: "இன்னைக்கு என்ன மாற்றம் தெரியுது?" நீங்கள் எட்டாவது படித்திருந்தாலும் சரி, பள்ளிக்கூடமே போகாதவராக இருந்தாலும் சரி, இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

2022 நவம்பரில் தமிழக அரசு வானவில் மன்றம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் எளிய பொருட்களை வைத்து அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். வீட்டில் இப்படிச் செய்கிற பிள்ளை வகுப்பில் கை தூக்கிப் பேசும்.

பாதுகாப்பு

சில பிள்ளைகள் மயில்துத்தம் வேண்டும் என்பார்கள். நீலக் கலரில் அழகாக வளரும், பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அது விஷம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆசிரியர் பார்வையில் மட்டும்தான் செய்ய வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது, அடுப்படிப் பக்கம் கண்டிப்பாகக் கூடாது. படிகாரக் கரைசலும் குடிக்கிற பொருள் இல்லை. தண்ணீர் மாதிரியே தெளிவாக இருக்கும், தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். டம்ளரில் "குடிக்காதே" என்று எழுதி ஒட்டுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். படிகாரத்துக்கு எடுத்த டம்ளரை அப்புறம் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள்.

நம் பெண் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை

பத்தாவது முடித்ததும் நம் வீடுகளில் என்ன பேசுகிறோம்? "பொம்பளைப் பிள்ளைக்கு சயின்ஸ் குரூப் எதுக்கு? செலவு ஆகும், கஷ்டமா இருக்கும்." அந்தப் பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் டோரத்தி ஹாட்ஜ்கின் என்று ஒரு பெண் இருந்தார். 1910-ல் பிறந்தவர். பத்து வயது வாக்கில் ஒரு சின்ன வகுப்பில் படிகாரத்திலும் மயில்துத்தத்திலும் படிகம் வளர்த்துப் பார்த்தார். இப்போது நான் உங்களிடம் சொன்ன அதே வேலைதான். அவர் படித்த பள்ளியில் வேதியியல் பையன்களுக்கு மட்டும்தான். டோரத்தியும் இன்னொரு பெண்ணும் அனுமதி வாங்கி அந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள். பதினாறாவது பிறந்தநாளுக்கு அவருடைய அம்மா ஒரு அறிவியல் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். எக்ஸ்ரே கதிரைப் படிகத்துக்குள் செலுத்தி உள்ளே இருக்கிற வரிசையைக் கண்டுபிடிக்கலாம் என்று அதில் படித்தார். அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டார்.

பெனிசிலின் மருந்தின் உள்ளமைப்பையும், வைட்டமின் பி12-ன் உள்ளமைப்பையும் கண்டுபிடித்தவர் அவர்தான். 1964-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கினார். அந்தப் பரிசை வாங்கிய மூன்றாவது பெண். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். இளம் வயதிலேயே மூட்டுவாதம் வந்து கைவிரல் கோணிப்போனது. அப்படியும் வேலையை விடவில்லை. நம் குழுவிலேயே எத்தனை வீட்டில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசி போடுகிறார்கள்! அந்த இன்சுலின் படிகத்தை அவர் முதலில் எக்ஸ்ரே படம் எடுத்தது 1935-ல். அதன் முழு அமைப்பையும் கண்டுபிடித்து முடித்தது 1969-ல். முப்பத்து நாலு வருஷம்! அந்தக் குழுவில் எம். விஜயன் என்ற நம் இந்திய விஞ்ஞானியும் இருந்தார்.

நம் ஊரிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் மூன்று புரிக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று 1954-ல் உலகத்துக்குச் சொன்னார். அதுவும் எக்ஸ்ரே படத்தை வைத்துத்தான். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிகம் வளர்ப்பதற்கென்றே தனி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கிற செல்போனின் சிப்புக்குக்கூட மூலம் படிகம்தான். உருக்கின சிலிக்கானில் ஒரு விதைப் படிகத்தை நனைத்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே மேலே இழுத்து வளர்க்கிறார்கள். நாம் டம்ளரில் தொங்கவிட்ட விதைக்கும் அதற்கும் வேலை ஒன்றுதான்.

எல்லாப் பிள்ளையும் நோபல் பரிசு வாங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்து வயதில் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு, பதினைந்து வயதில் எந்தப் பாடம் எடுப்பது என்று வரும்போது பயம் இருக்காது. தனக்கு எது பிடிக்கும் என்று தானே வாய் திறந்து சொல்லும். அந்த நேரத்தில் நாம் செலவைச் சொல்லி அதன் வாயை அடைக்கக் கூடாது. கல்விக் கடனுக்கும் உதவித்தொகைக்கும் வழி இருக்கிறதா என்று குழுவில் கேளுங்கள்.

குழுவில் செய்யக் கூடியது

கடைசியாக ஒரு யோசனை. ஒவ்வொரு குழுவும் சேர்ந்து அரைக் கிலோ படிகாரம் வாங்குங்கள். பத்து வீட்டுக்கு ஐம்பது ஐம்பது கிராமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆளுக்குச் செலவு மிகக் கொஞ்சம்தான் வரும். ஒரு லென்ஸ் வாங்கிப் பொதுவில் வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகளையும் அவர்கள் நோட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். யார் கல் பெரிசு என்று போட்டி வைக்க வேண்டாம். யார் நோட்டில் அதிகமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், அந்தப் பிள்ளைக்குக் கை தட்டுங்கள். கல் வளராத பிள்ளையையும் எழுந்து நின்று ஏன் வளரவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு அக்கா இப்போது எழுந்து கேட்கிறார், "டீச்சர், தெப்பக்குளம் பக்கம் எங்க வீடு, ஒரே ரூம், வைக்க இடமே இல்லையே?" நல்ல கேள்வி. ஒரு டம்ளர் வைக்கிற இடம் போதும் அக்கா. சாமி படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். யாரும் தொட மாட்டார்கள், தினமும் ஒருமுறை எல்லார் கண்ணும் படும்.

புராஜெக்ட் கேட்கும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். இருபது நாள் முன்னாடியே ஆரம்பித்தால்தான் கல் வளரும். இன்றைக்குப் போகிற வழியிலேயே படிகாரம் வாங்கிக்கொண்டு போங்கள்.